நாலு வரிக் கல்லும் நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பும்

சில்லு சாருக்குப் பொய் சொல்ல வராது. இதை யாரும் நல்ல குணமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கூட வாழ்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். கல்யாணமான புதிதில் மாமியார் ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டு, "எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார். "உப்பு கூட. வேகல. அளவு பரவாயில்ல" என்று மூன்று தலைப்பில் பதில் சொன்ன மகான் அவர். அந்த அம்மாள் அதற்குப் பிறகு இருந்த ஒன்பது வருஷமும் அவருக்குத் தட்டில் போட்டதோடு சரி, வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை.

அவருக்கு வேலை அருங்காட்சியகத்தின் நிலவறையில். செத்துப்போன மொழிகள் மூன்றை அவர் எழுத்துக்கூட்டாமல் படிப்பார். உயிரோடிருக்கும் மொழியில் பால்காரரிடம் அரை லிட்டர் கேட்பதற்குள் பால் திரிந்துவிடும். நாள் முழுக்க உடைந்த மண்பலகைத் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பதால் ஊரில் சில்லு சார் என்று பேர் விழுந்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் பட்டிருப்பார்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. பலகை உடைந்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இருந்தது என்று சொல்லக் கூடாது. ஒரு சின்னக் கட்டம் போட்டு, காலியாக விட்டுவிட்டு மேலே போக வேண்டும். சில்லு சார் முப்பது வருஷம் கட்டம் போட்டவர். கட்டம் போடாத ஒருத்தரை அவர் என்ன பாடு படுத்துவார் என்பதற்கு அவர் வீட்டிலேயே சாட்சி இருந்தது.

அவர் மனைவியின் அண்ணனும் இதே மொழிகளைப் படித்தவர்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படித்த சிநேகிதர்கள். இந்த ஆளைவிட்டால் தங்கைக்கு நல்லவன் கிடைக்கமாட்டான் என்று கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிவைத்ததே அண்ணன்தான். பிறகு ஒருநாள் அண்ணன் ஒரு உடைந்த பலகையில் யாருக்கும் தெரியாத ஒரு ராஜாவின் பெயரைக் கண்டுபிடித்தார். பேப்பரில் படம் வந்தது. பதவி உயர்வு வரும் என்று பேச்சு வந்தது. சில்லு சார் அதே பலகையை மூன்று நாள் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ராஜா இருந்த இடத்தில் வெறும் உடைசல்தான் இருந்தது. ஒன்பது பக்கத்தில் அதை எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டு வந்து, மச்சானோடு உட்கார்ந்து டீயும் குடித்தார். டீயோடு அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் மச்சானுக்கு வேலை போயிற்று. நாலு தெரு தள்ளி ஒரு மெத்தைக் கடை போட்டார். தங்கை வீட்டுப் படியைப் பதினாலு வருஷம் மிதிக்கவில்லை. தங்கைதான் மாதம் ஒருமுறை கடைக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். போகும்போது புருஷன்மேல் கோபமாக இருக்கும். திரும்பும்போது அண்ணன்மேலும் சேர்த்துக் கோபமாக இருக்கும்.

அவளுக்குப் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. தாமதமாக வந்த டிரைவர் வண்டியைவிட்டு இறங்கும்போதே அவன் சொல்லப்போவது டயர் பஞ்சரா, ரயில்வே கேட்டா என்று சொல்லிவிடுவாள். பொய்யை மணத்தாலேயே கண்டுபிடிக்கிற அந்தத் திறமைக்கு வீட்டில் மட்டும் வேலையே இல்லை. அந்தப் படகுத்துறைக்குப் போகும்வரை இல்லை.

அது இரண்டு மணிநேரப் பயணத்தில் இருக்கிற ஆற்றுத்துறை. இக்கரையில் அறுபது படகுக் குடும்பம், அக்கரையில் ஐம்பது சொச்சம். துறை யாருக்குச் சொந்தம் என்பதுதான் சண்டை. போன வருஷம் இக்கரைக்காரர் ஒருவருக்கு இரண்டு விரல் போனது, அக்கரைப் படகுகள் மூன்று அடுப்புக்கட்டையாயின. அடுத்த முறை விரலோடு நிற்காது என்று இரண்டு பக்கமும் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். இக்கரையில் ஒரு பழைய கல் நின்றது. அதில் நாலு வரி எழுத்து. துறை நமக்குத்தான் என்று அதில் எழுதியிருப்பதாக இரண்டு கரைக்கும் நம்பிக்கை. ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது, அதனால் நம்பிக்கைக்குக் குறைவில்லை.

புதிதாக வந்த அதிகாரி கெட்டிக்காரர். கல் என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று இரண்டு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அருங்காட்சியகத்துக்கு ஆள் கேட்டு எழுதினார். சில்லு சார் கிளம்பினார். தனியாக அனுப்பினால் வேறு பஸ்ஸில் ஏறி வேறு ஆற்றுக்குப் போய்விடுவார் என்பதால் மனைவி லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள்.

இக்கரைக்காரர்கள் கல்லைக் கண்ணாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பாதுகாப்பு என்றால் வருஷாவருஷம் பச்சைப் பெயிண்ட் அடிப்பது. அதைச் சுரண்டி எடுக்கவே சில்லு சாருக்கு ஒரு நாள் போனது. மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்துக் குந்தி உட்கார்ந்தார். சுற்றிலும் ஜனம். இக்கரைக்குத் தலைவர் மீசை என்று கூப்பிடப்பட்டவர், பேருக்கேற்ற ஆள். அக்கரைக்குப் பெரியக்கா. சொந்தமாக ஏழு படகு, ஒல்லி உடம்பு, ஊசி மாதிரி கண். படகில் சாத்தியிருந்த துடுப்புகளுக்கு நடுவே துடுப்பல்லாத சில சமாச்சாரங்களும் சாக்கில் சுற்றிக் கிடந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

சில்லு சார் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் தடவை விரலை வைத்துத் தடவிப் படித்தார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். அவருடைய இடது காது சிவந்து வருவதை மனைவி பார்த்தாள். இருபது வருஷத்தில் அந்தக் காது சிவந்து அவள் பார்த்ததே இல்லை.

"துறை ரெண்டு கரைக்கும் பொது. ஒரு நாள் இவங்க, ஒரு நாள் அவங்க. அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார்.

மீசைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"வெள்ள நாளுல என்ன பண்றதாம்?"

சில்லு சார் குனிந்து கல்லைப் பார்த்தார். "வெள்ள நாள்ல யாரும் படகு எடுக்கக் கூடாது."

"முறை நாளுல ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்துட்டா?"

மறுபடி குனிந்தார். "அன்னைக்கு அவங்க கரையில இன்னொருத்தர் ஓட்டிக்கலாம்."

"எங்க கரைப் பொண்ணை அவங்க கரையில கட்டிக் கொடுத்திருக்கோமே. அந்த மாப்பிள்ளை எந்தக் கணக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அதுவும் கல்லில் இருந்தது. முக்கால் மணிநேரம் கேள்வி கேட்டார்கள். முக்கால் மணிநேரம் அந்த நாலு வரியும் பசுவாகப் பால் சுரந்தது. முப்பது வருஷம் கட்டம் போட்ட மனிதர், கட்டம் என்ற ஒன்று உலகத்தில் உண்டென்பதையே மறந்து அளந்துகொண்டிருந்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் பெரியக்கா மெதுவாகக் கேட்டாள்: "இருக்கிறதே நாலு வரி. இத்தனையும் எப்படி எழுதினாங்க?"

"அந்தக் காலத்து எழுத்தும்மா. சுருக்கமா இருக்கும்."

பெரியக்கா தலையை ஆட்டினாள். நம்பியதால் ஆட்டிய தலையல்ல அது. ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷனைப் பிடித்து நிறுத்தி அவள் கேட்டாள். "இப்ப சொல்லுங்க. நிஜமா என்ன எழுதியிருக்கு?"

அவர் நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "துறை அக்கரைக்காரங்களுக்கு மட்டும். இக்கரைக்காரன் படகை இறக்கினா துடுப்பை முறிச்சு, கையை வெட்டி ஆத்துல போடணும். இதை மாத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது."

தங்களைத் துரத்தச் சொல்லும் கல்லுக்குத்தான் இக்கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். புருஷன் அழுதுகொண்டிருந்தார். "அறுபது குடும்பம்மா. அந்த விரல் போனவர் முன்னாடியே உக்காந்திருந்தார். எப்படிப் படிக்கிறது?" என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு அவரை இவ்வளவு பிடித்ததில்லை.

துறையில் முறை வைத்துப் படகு ஓடத் தொடங்கியது. கல்லைப் படித்து ஊரைச் சேர்த்து வைத்தவர் என்று பேச்சுப் பரவியது. சுவர்ச் சண்டைக்காரர்கள் வந்தார்கள், ஒரே கடையை இரண்டாகப் பிரிக்க நின்ற அண்ணன் தம்பி வந்தார்கள். ஒரு தெருக்காரர்கள் தங்களிடம் பழைய கல் எதுவும் இல்லையே என்று குறைப்பட்டு, சாக்கடைமேல் கிடந்த சிமெண்ட் பலகையைப் பெயர்த்து வந்து அவர் முன்னால் வைத்தார்கள். அவர் பலகையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். குறுக்கே பேசாமல் கேட்டார். மூவாயிரம் வருஷம் முன்னால் செத்தவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துப் பழகியவருக்கு, எதிரே உட்கார்ந்து கத்துகிறவன் பேச்சைக் கேட்க எவ்வளவு நேரமாகிவிடும்? மூன்றாவது முறை சொல்லும்போது சொல்கிறவனுக்கே தன் கோபம் அலுத்துப்போனது. பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்தது. மீதிச் சண்டை, இவர் பொய் சொல்லாதவர் என்ற பேரில் தீர்ந்தது.

ஏழாவது மாதம் பெரியக்கா மனுக் கொடுத்தாள். படித்தது சரிதானா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். அதிகாரி விசாரித்தார். அந்த மொழி தெரிந்த இன்னொருவர் நாட்டிலேயே ஒருவர்தான். மெத்தைக் கடை வைத்திருந்தார்.

சேதி வந்த அன்று சில்லு சார் சாப்பிடவில்லை. மனைவி மட்டும் சாப்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நாலு தெரு நடந்தாள். அண்ணன் வாயைத் திறந்தால் புருஷன் பேர் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, துறையில் சாக்குகள் அவிழும். விரல் போனவருடைய மனைவி அன்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவள் நினைவில் ஓடிக்கொண்டேயிருந்தது.

அண்ணன் ஒரு மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். "வா, உக்காரு. அதுல இல்ல, அது விக்கிறதுக்கு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அண்ணே, கடிதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." அவர் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற, உலகம் முழுக்கப் பதினோரு பேர் படிக்கிற ஆராய்ச்சிப் பத்திரிகை. பதினோராவது ஆள் மெத்தை விற்கிறார் என்பது பதிப்பாசிரியருக்கே தெரியாது. "உம் புருஷன் போன மாசம் பழங்கால அளவைகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கான். கொட்டாவி வரும். அடிக்குறிப்பு நாற்பத்து மூணைப் பாரு."

அவளுக்கு அந்தப் பொடி எழுத்துப் புரியவில்லை. "என்ன போட்டிருக்கு?"

"அந்தக் கல்லுல இருக்கிற நாலு வரியும். அட்சரம் பிசகாம. துடுப்பை முறி, கையை வெட்டு, எல்லாம். 'ஓர் ஆற்றுத்துறைக் கல்'னு மட்டும் போட்டிருக்கான், ஊர் பேரு இல்லாம."

ஊருக்கெல்லாம் பொய்யைச் சொல்லிவிட்டு, உண்மையைக் கொண்டுபோய் அச்சிலேயே போட்டிருக்கிறார். இந்த அசட்டுத்தனத்தை ஒரு திருடன் செய்வானா? குடித்தவன் செய்வானா? படித்தவன் மட்டும்தான் செய்வான். அடிக்குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"நீ என்ன சொல்லப்போற அண்ணே?"

"அங்க வந்து சொல்றேன்."

"என் முகத்துக்காக..."

"உன் முகத்தைப் பதினாலு வருஷமா மாசத்துக்கு ஒருதடவை பார்த்துட்டுதான் இருக்கேன். போ, பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு."

அதை அவள் தூக்கத்திலும் சொல்வாள். ஏழு பத்து.

துறையில் அன்றும் அதே ஜனம், அதே சாக்குகள். சில்லு சார் கல்லுக்கு ஒரு பக்கம் நின்றார், மச்சான் மறுபக்கம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். நாலு வரிக்கு ஒன்றரை மணிநேரம் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது மனப்பாடம் என்பது தங்கைக்குத் தெரியும். வேண்டுமென்றே காய்ச்சுகிறார் என்று புரிந்ததும், பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நிமிர்ந்தார். "சரியாத்தான் படிச்சிருக்காரு."

பெரியக்கா விடவில்லை. "எல்லாமேவா? அந்த நாலு வரியிலேயா?"

"ஒண்ணே ஒண்ணு விட்டுட்டாரு. அக்கரைப் பக்கத்துப் படித்துறை உடைஞ்சிருக்கில்ல? அதை ரெண்டு கரையும் சேர்ந்து கட்டிக் கொடுக்கணும்னு ஓரத்துல இருக்கு. எழுத்து தேஞ்சுபோச்சு, லேசுல தெரியாது."

பெரியக்கா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் உடைந்த படித்துறையைப் பார்த்தாள். "எனக்கு அப்பவே தெரியும், எங்களுக்கும் ஏதாச்சும் இருக்கும்னு" என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்க்கப் போனாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், அவள் நடுவில். சில்லு சார்தான் ஆரம்பித்தார். "மச்சான், எனக்காக நீங்க..."

"உனக்காக ஒண்ணும் இல்ல மாப்ள. அந்த வெரல் இல்லாத ஆளுக்காக." மச்சான் டீயை ஒரு மடக்குக் குடித்தார். "நான் அன்னைக்கு ராஜாவை நுழைச்சது பேராசைல. நீ எழுதினது சரி. ஒரு வார்த்தை தப்பில்ல. ஆனா பக்கத்துல உக்காந்து டீ குடிச்சியே, அப்ப என்கிட்ட கேட்டிருந்தா நானே வாபஸ் வாங்கியிருப்பேன். அச்சுல பார்த்துத் தெரிஞ்சுக்க வெச்ச பாரு, அதுதான் ஆறல."

சில்லு சாருக்குச் செத்த மொழி மூன்றிலும் பதில் இல்லை. "கேட்கணும்னு தோணல மச்சான். தப்புதான்" என்று உயிருள்ள மொழியிலேயே சொன்னார்.

"இன்னொண்ணு. அந்த அடிக்குறிப்பு யாருக்காக? ஊரைக் காப்பாத்தணும், உன் மனசும் சுத்தமா இருக்கணும், ரெண்டும் வேணுமா? நாளைக்கு ஒருத்தன் அதைப் படிச்சுட்டு இங்க வந்து நின்னா, இவங்க வெட்டிக்குவாங்க. நீ கட்டுரை எழுதுவியா?"

"உண்மை எங்கேயாவது இருக்கணும்ல?"

"கல்லுல இருக்கு மாப்ள. அது எங்கயும் போகாது. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து சரியாப் படிக்கட்டும். அப்ப இவங்க பேரப்பிள்ளைங்க பாலம் கட்டி வெச்சிருப்பாங்க. இப்ப அந்தக் குறிப்பு பொய்னு ஆகணும்."

அது பொய்யென்று ஆக ஒரு வழிதான் உண்டு. சில்லு சார் தானே மறுத்து எழுதினால் சந்தேகம் கூடும். மொழி தெரிந்த இன்னொருவர், இந்த ஆள் இல்லாத எழுத்தை இருந்ததாகச் சொல்கிறவர் என்று எழுத வேண்டும். எழுதினால் சில்லு சாரின் முப்பது வருஷத்து உழைப்பில் ஒரு வரியையும் அதற்குப் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் சில்லு சார், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க மச்சான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் படியேறி வந்தார். கூடவே ஒரு தலையணையும் கொண்டுவந்தார், வெறுங்கையோடு வரக்கூடாதாம். சாப்பாட்டு மேஜையில் தாளைப் பரப்பி இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மச்சான் எழுத, சில்லு சார் தன்னை எப்படிக் கிழிப்பது என்று எடுத்துக் கொடுத்தார். அடுப்படியிலிருந்து மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது ரொம்ப மரியாதையா இருக்கு மச்சான். இப்படி எழுதினா ஒருத்தனும் நம்பமாட்டான். காரம் வேணும்."

"இதுக்கு மேல என்ன காரம்?"

"நான் சொல்றேன், எழுதுங்க. 'இவர் கண்ணால் படிப்பவர் அல்லர், ஆசையால் படிப்பவர். இத்தகையவர் இத்துறையில் நீடிப்பது...'"

பேனாச் சத்தம் நின்றுவிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். அண்ணன் மூடியைத் திருகிப் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இதை எழுதக் கை வரல மாப்ள."

சில்லு சார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்களை எழுத எனக்கு வந்துச்சே மச்சான்."

சில்லு சார் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மச்சான் கையில் வைத்து, தன் கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினார். அந்த வாக்கியத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதி முடித்தார்கள். கையெழுத்துக் கண்றாவியாக இருந்தது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, சாப்பாட்டுக்கு மேஜையைக் காலிபண்ணச் சொல்லி இரண்டு பேரையும் அதட்டினாள்.